துபாஷி கடையில் ரெண்டு ஸ்டூல்

விழுப்புரம் ஜங்ஷனில் வந்து இறங்கிய மனிதர்களைச் சரியாக எண்ணத் தெரிந்தவர் உலகத்திலேயே ஒரே ஒருவர்தான். ஸ்டேஷன் மாஸ்டர், டிக்கெட் பரிசோதகர், மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த வாத்தியார்கள் எல்லாரும் தலையை எண்ணினார்கள். துபாஷி ஆளை எண்ணினார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறீர்களா? அதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து நான் ஒரு அறையில் தனியாக உட்கார்ந்ததே இல்லை.

அவர் பெயர் யாருக்கும் தெரியாது. பாண்டிச்சேரியைப் பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் அங்கே ஏதோ ஒரு ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து, அவர்கள் பேச்சை நம் பேச்சாகவும் நம் பேச்சை அவர்கள் பேச்சாகவும் மாற்றிக் கொடுத்தவராம். அதனால் துபாஷி. நான் அவரைப் பார்த்தபோது எண்பதுகள் பாதி ஓடியிருந்தன. ஜங்ஷனுக்கு எதிர்ச் சந்தில், தகரக் கூரை போட்ட கடையில் ஃபாரம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்பார்கள். சுற்றுவட்டாரத்துச் சொல்தாக்கள், அவர்கள் விதவைகள், பிள்ளைகள் அத்தனை பேருடைய காகிதங்களும் அவர் கை வழியாகத்தான் கடல் தாண்டின.

கடைக்குள் இரண்டு டைப்ரைட்டர்கள். இடது பக்கம் பிரெஞ்சு மெஷின், வலது பக்கம் இங்கிலீஷ் மெஷின். நடுவில், எந்தச் சலூனோ மூடியபோது வாங்கிப்போட்ட ஒரு சுழல் நாற்காலி. துபாஷி அதில் உட்கார்ந்து, காலால் தரையை உதைத்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சுற்றுவார். ஒவ்வொரு மெஷினுக்கு முன்னாலும் வந்தவர் உட்கார ஒரு ஸ்டூல். பிரெஞ்சுப் பிரஜையாகப் பதில் சொல்வதென்றால் இடது ஸ்டூலில் உட்கார வேண்டும். இந்தியப் பிரஜையாகச் சொல்வதென்றால் எழுந்து போய் வலது ஸ்டூலில். ஒரே ஆளுக்கு இரண்டு நாட்டுக் காகிதமும் இருந்துவிட்டால் அன்றைக்கு அவர் பாடு திண்டாட்டம்தான். மூட்டுவலிக்காரர்கள் தகப்பன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நாலு தடவை எழுந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

மரியாதையும் ஸ்டூலைப் பொறுத்துதான். இடது பக்கம் பிரெஞ்சு மரியாதை, ஆணுக்கு முசே, கல்யாணமாகாத பெண்ணுக்கு மதமோசேல். நான் இடது ஸ்டூலில் உட்கார்ந்தால் "சொல்லுங்க மதமோசேல்" என்பார். அதே நான் வலது ஸ்டூலுக்கு நகர்ந்தால், "ஏம்மா, வாயத் தொறந்து சொல்லு."

என் அப்பா ஒரு சொல்தா. அவர் உயிரோடு இருக்கிறார் என்று வருஷா வருஷம் ஒரு சான்று போனால்தான் பென்ஷன் வரும். அதை டைப் அடிப்பதற்கு முன்னால் துபாஷி ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து அப்பாவின் மூக்குக்கு நேரே பிடிப்பார். ஆவி படிகிறதா என்று வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"திண்டிவனத்துலேர்ந்து பஸ்ல நின்னுக்கினே வந்தேன் துபாஷியாரே. சந்துக்குள்ள நடந்துதானே வந்தேன்" என்பார் அப்பா.

"நடந்து வர்றதெல்லாம் உயிரோட கீதுன்னு எழுதிட முடியாதுங்க முசே. போன வாரம் ஒருத்தரு நடந்துதான் வந்தாரு. கண்ணாடில ஒண்ணும் படியல. போய்ட்டு நாளைக்கி வாங்கன்னு அனுப்பிச்சிட்டேன்."

"அப்புறம்?"

"வரல."

அன்றைக்குப் பஸ் ஏறும் வரை அப்பா மூக்குக்கு முன்னால் உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

இனி என் கதை. திண்டிவனத்துக் காலேஜில் தாவரவியல் முடித்திருந்தேன். எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையின் இலையில் புள்ளி விழுகிற நோயைப் பற்றி மேலே படிக்கப் பிரான்சில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. என் அம்மா மண்டகப்பட்டுக்காரி. அவள் பிறந்த வீட்டில் மல்லாட்டை நன்றாக விளைந்தால் கல்யாணம், புள்ளி விழுந்தால் சண்டை. அதனால்தான் எனக்கு அந்தப் படிப்பின் மேல் அவ்வளவு ஆசை. இடம் கிடைத்தால் போதுமா? உதவித்தொகை கிடைத்தால்தான் கப்பலோ விமானமோ ஏற முடியும்.

உதவித்தொகை இரண்டு வகை. இங்கிருந்து படிக்கப் போகும் இந்தியப் பிள்ளைகளுக்கு வெள்ளை ஃபாரம். வெளிநாட்டில் குடும்பம் உள்ள பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு நீல ஃபாரம். நான் திண்டிவனம் ஆஸ்பத்திரியில் பிறந்ததால் இந்தியப் பிரஜை. பிறந்த பதினைந்தாம் நாளே அப்பா சத்தமில்லாமல் பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறிப் போய் அங்கேயும் என் பெயரைப் பதிந்துவிட்டு வந்ததால் பிரெஞ்சுப் பிரஜை. இருபத்தோரு வயது வரை எனக்கே தெரியாத சமாசாரம் இது. "ரெண்டுக்கும் போட்டு வப்போம். எது விழுந்தாலும் லாபம்" என்பது அப்பாவின் போர்த் தந்திரம். மே மாதத்தில் ஒரு நாள் என்னையும் இழுத்துக்கொண்டு துபாஷி கடைக்குப் போனார்.

"எத்தினி பேரு வந்துக்கிறீங்க?" என்று கேட்டார் துபாஷி. யார் வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி அது.

"ரெண்டு பேரு" என்றார் அப்பா.

துபாஷி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எங்களைப் பார்த்தார். பிறகு எனக்குக் கொஞ்சம் பின்னால், ஒருவரும் இல்லாத இடத்தைப் பார்த்தார்.

"மூணு" என்றார். சந்து முனை டீக்கடைக்குக் குரல் கொடுத்தார். "நாயகம், நாலு டீ! என்னுதுல சக்கர தூக்கலா!"

டீ வந்தது. நான் இடது ஸ்டூலில் இருந்தேன். நாலாவது கிளாஸை அவரே எடுத்து, காலியாக இருந்த வலது ஸ்டூலுக்குப் பக்கத்தில் வைத்தார். நான் தெரியாமல் கை நீட்டினேன். "அத எடுக்காதீங்க மதமோசேல். அது அவங்களுது" என்றார். ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்பும்போது அந்தக் கிளாஸ் காலியாக இருந்தது. அப்பா குடித்திருப்பார் என்றுதான் இன்று வரைக்கும் நம்பப் பார்க்கிறேன். ஆனால் அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. தன் டீயையே அவர் தொடவில்லை.

முதலில் வெள்ளை ஃபாரம். என்னை வலது ஸ்டூலுக்கு மாற்றினார். விறுவிறுவென்று அடித்துக்கொண்டே போன விரல் ஒரு வரியில் நின்றது. "வேறு எந்த நாட்டின் குடியுரிமையும் எனக்கு இல்லை" என்று நான் உறுதி சொல்லும் வரி அது.

"இத நான் அடிக்க மாட்டேங்க."

"அட, யாருக்குத் தெரியப்போவுது? ஜல்தியா அடிங்க துபாஷியாரே" என்றார் அப்பா.

"அதுக்குத் தெரியும்" என்று என் முதுகுக்குப் பின்னால் இருந்த இடது ஸ்டூலைக் காட்டினார். "பாக்கிறீங்கல்ல, காது குடுத்துக் கேட்டுக்கினு கீது."

பகல் ஒரு மணி. மே மாதம். தலைக்கு மேல் தகரக் கூரை. அந்த வேக்காட்டில் என் பிடரி சில்லிட்டுப் போனது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஃபாரத்தில் பொய் எழுதினால் அந்தப் பொய் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடும் என்பது துபாஷியின் விதி. அதற்கு அவரிடம் சாட்சியும் இருந்தது. கூட்டேரிப்பட்டில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒருவர், ரேஷனில் கூடுதலாக ஏதாவது கிடைக்கட்டும் என்று, இல்லாத அண்ணன் ஒருவரைக் கார்டில் சேர்க்கச் சொன்னாராம். துபாஷி மாட்டேன் என்றதும் வேறு இடத்தில் எழுதி வாங்கிக்கொண்டார். கொஞ்ச நாளில் அண்ணன் பெயருக்குப் பொங்கல் வாழ்த்து வந்தது. அப்புறம் ஒரு தேர்தல். தம்பி ஓட்டுப் போடப் போனால் பூத்தில் இருந்தவர் சொல்கிறார்: "உங்க அண்ணன் காலையிலியே வந்து குத்திட்டுப் போயிட்டாரே. நல்ல மனுஷங்க. உங்கள ரொம்ப விசாரிச்சாரு."

இது நம் நாட்டில் நடக்கிற கூத்துதானே என்று நீங்கள் சிரிக்கலாம். அப்பாவும் சிரித்தார். சைக்கிள் கடைக்காரர் சிரிக்கவில்லையாம். அன்றிலிருந்து கடையைச் சாத்தும்போது ஒரு பலகையை மட்டும் போடாமல் விட்டுவைத்தாராம். அண்ணன் வந்தால் வெளியே நிற்க வேண்டாமே என்று.

ஆக வெள்ளை ஃபாரம் கிழிந்தது. மிச்சம் நீலம். அந்தத் தொகை கிடைத்தால் பிரெஞ்சு பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். அந்த பாஸ்போர்ட்டை வாங்கிக் கையில் வைத்த நாளே இந்தியப் பிரஜை என்கிற பாத்தியதை போய்விடும். துபாஷி அதை ஒளிக்காமல் சொன்னார். "பாஸ்போர்ட்டு வந்துடிச்சின்னா வலது ஸ்டூல்ல உக்கார முடியாது மதமோசேல். நல்லா ரோசன பண்ணிக்கினு வாங்க. கடைசித் தேதிக்கி இன்னும் பத்து நாளு கீது."

அந்தப் பத்து நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததே தவிர யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. "திண்டிவனத்துல பொறந்த பொண்ணு திண்டிவனத்துக்கு வர்றதுக்கு விசா வாங்கணுமா?" என்று அம்மா அப்பாவை மறித்துக்கொண்டு கேட்டாள். "எம் பொண்ணு எம் வூட்டுக்கு வர்றதுக்கு நான் எவன்கிட்டப் போய்க் கேக்கணும்? இன்னா பேஜாரு இது!" அப்பா என் பக்கம் திரும்பி, "படிப்பு வோணுமா, வோணாமா? அத மட்டும் சொல்லு" என்றார். எனக்குப் படிப்பும் வேண்டும், அம்மாவும் வேண்டும். இதில் எதைச் சொன்னாலும் வீட்டில் ஒருவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கடைசியில் அப்பா ஜெயித்தார். ஜெயித்தார் என்றால், அம்மா பேசுவதை நிறுத்திவிட்டாள்.

கடைசித் தேதியன்று மறுபடி விழுப்புரம். பஸ்ஸில் அப்பா எனக்குப் பாடம் சொல்லிக்கொண்டே வந்தார். "படிச்சி முடிச்சிட்டு எங்க இருப்பேன்னு கேட்டிருக்கான். பிரான்சிலியே இருப்பேன், அதான் எந் தாய்நாடுன்னு சொல்லு. அப்பதான் நம்மாளுன்னு குடுப்பான்." நானும் விக்கிரவாண்டி வரைக்கும் மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன்.

துபாஷி இடது மெஷினில் நீல ஃபாரத்தைச் சொருகினார். கையில் இருந்தது அந்த ஒரே ஒரு ஃபாரம்தான். அப்பா தபால்தலை வாங்கப் போனார். பேர், ஊர், மார்க்கு எல்லாம் சொல்லி, எங்கே இருப்பாய் என்கிற கேள்விக்குப் பக்கத்தில் வந்தாயிற்று. "தண்ணி குடிச்சிட்டு வந்துடறேங்க" என்று எழுந்து, ரோட்டைத் தாண்டி ஸ்டேஷனுக்குள் போனேன். பிளாட்பாரத்தில் ஈ காக்காய் இல்லை. பாண்டிச்சேரி வண்டி காலியாக நின்றுகொண்டிருந்தது. குழாயில் தண்ணீர் குடிக்கும்போது அம்மா ஞாபகம். மழைக்காலத்தில் மண்சட்டியில் மல்லாட்டை வறுத்து, சூட்டோடு என் பாவாடையில் கொட்டுவாள். இரண்டு பேரும் பேசாமல் உரித்துத் தின்போம். இனி அது கிடையாது என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லவும் அங்கே ஒருவரும் இல்லை.

திரும்பி வந்தபோது மின்சாரம் போயிருந்தது. அரை இருட்டில் துபாஷி ஃபாரத்தை மெஷினிலிருந்து உருவிக்கொண்டிருந்தார்.

"கடைசிக் கேள்வி பாக்கி இருக்குங்களே" என்றேன்.

"ஆயிடிச்சி. சொல்லியாச்சு."

"யாருங்க சொன்னது?"

"நீங்க இல்லீங்க மதமோசேல். நீங்க தண்ணி குடிக்கப் போய்ட்டீங்க." வலது ஸ்டூலைக் காட்டினார். "அந்தப் பொண்ணு உக்காந்துக்கினு இருந்துச்சு. கேட்டேன். பாவம், அழுதுக்கினே சொல்லிச்சு."

ஃபாரத்தை வாங்கி வாசல் வெளிச்சத்தில் படித்தேன். காலேஜில் கற்ற அரைகுறைப் பிரெஞ்சு போதுமானதாக இருந்தது. "படிப்பு முடிந்ததும் திண்டிவனத்தில் என் தாயின் வீட்டுக்குத் திரும்புவேன். மழைக்காலத்தில் அவளோடு உட்கார்ந்து வறுத்த மல்லாட்டை தின்பதற்காக." வலது ஸ்டூலின் பலகையில் இரண்டு சொட்டு ஈரம் இருந்தது. கூரையிலிருந்து ஒழுகியிருக்கலாம். மழை பெய்து நாலு மாதம் ஆகியிருந்தது.

அப்பா வந்து படித்துவிட்டுத் தாம்தூம் என்று குதித்தார். "சர்க்காரு ஃபாரத்துல மல்லாட்டை எழுதுவாங்களா? புத்தி கித்தி பெரண்டு போச்சா? அடிச்சிட்டு வேற எழுதுங்கய்யா!"

"நெசத்த நான் அடிக்க மாட்டேங்க முசே. வோணும்னா வேற ஆளப் பாருங்க."

வேறு ஆளுமில்லை, வேறு ஃபாரமுமில்லை, தபாலாபீஸ் மூடும் நேரம். அப்பா எச்சில் தொட்டுத் தபால்தலையை ஒட்டிய வேகத்தில் உறை கிழியாமல் இருந்ததே பெரிது.

ஆகஸ்டில் பதில் வந்தது. எனக்கு உதவித்தொகை உண்டு. குடும்ப வீடு பிரான்சுக்கு வெளியே இருக்க வேண்டும், மாணவி அந்த வீட்டைச் சேர்ந்தவளாகவே நீடிக்க வேண்டும், அது தெளிவாகத் தெரிவதால் தகுதி உண்டு என்று எழுதியிருந்தார்கள். ஃபாரத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் அந்த விதி இருந்திருக்கிறது. நாங்கள் படிக்கவில்லை. அப்பா மாதிரியே பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த இன்னொரு சொல்தா வீட்டுக்கு, "பிரான்சிலேயே இருப்பேன்" என்ற பதிலுக்காக இல்லை என்று வந்துவிட்டது.

அத்தனை வருஷம் ஃபாரம் எழுதியவருக்குப் பொடி எழுத்து விதி தெரியாமலா இருக்கும், அவரே நைசாக எழுதிவிட்டார் என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் மல்லாட்டையை அவருக்கு யார் சொன்னது?

"ஏம்ப்பா அவரு இப்பிடி ஆனாரு?" என்று ஒரு நாள் அப்பாவைக் கேட்டேன். பாண்டிச்சேரியைச் சட்டப்படி இந்தியாவோடு சேர்த்தபோது, பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்க ஆறு மாதம் தவணை கொடுத்தார்கள். துபாஷி ராப்பகலாக ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்தார். மனைவிக்கும் மகளுக்கும் எழுதிக் கொடுத்தார். தன்னுடையதைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம் என்று டிராயரில் வைத்தார். தவணை முடிந்த மறுநாள்தான் டிராயரைத் திறந்திருக்கிறார். மனைவியும் மகளும் கப்பலேறிப் போய்விட்டார்கள். கொஞ்ச காலம் கடிதம் வந்தது, பிறகு அதுவும் இல்லை. "அதுலேர்ந்து இப்பிடித்தான்" என்றார் அப்பா. அன்றைக்கு அவர் துபாஷியைக் கிண்டல் செய்யவில்லை.

பாஸ்போர்ட் வந்ததும் சொல்லிக்கொள்ளப் போனேன். "அந்தப் பொண்ண இங்கியே வுட்டுட்டுப் போங்க மதமோசேல். நான் பாத்துக்கிறேன்" என்றார். சிரித்துவிட்டு வந்தேன். பிரான்சுக்குப் போன மூன்றாம் மாதம் அம்மாவிடமிருந்து வந்த கடிதத்தைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை. "உன்னை நேற்று பட்டப்பகலில் கூட்டேரிப்பட்டு பஸ் நிறுத்தத்தில் பார்த்ததாக உன் மாமன் சத்தியம் செய்கிறான். கூப்பிட்டால் திரும்பவில்லையாம். மெலிந்து போயிருந்தாயாம். ஒழுங்காகச் சாப்பிடு."

மூன்று வருஷம் கழித்து, இந்தியாவுக்கு விசா வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன். விசா ஃபாரத்தில் வருகையின் நோக்கம் என்ற இடத்தில் மல்லாட்டை என்று எழுதக் கை துடித்தது. அம்மா என் முகத்தை வழித்து நெட்டி முறித்துவிட்டுச் சட்டியை அடுப்பில் வைத்தாள். மறுநாள் விழுப்புரம் போனேன்.

துபாஷிக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. வாசலில் நிழல் ஆடியதும் கேட்டார். "எத்தினி பேரு வந்துக்கிறீங்க?"

"ஒருத்திதாங்க."

அந்தக் குரலைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. என்னை வரவேற்கவில்லை. நாற்காலியை வலது பக்கம் சுற்றினார். "ஏம்மா, வந்துட்டாங்க பாரு. தெனம் கேட்டுக்கினே இருந்தியே."

வலது ஸ்டூலுக்கு மேலே வெயில் படாமல் ஒரு சாக்குப் படுதா தொங்கியது. டீ கொண்டு வந்த நாயகம் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "மூணு வருசமா இதே கூத்துதாங்க. மத்தியானம் ஆனா அந்த ஸ்டூல நெழலுக்கு நவுத்துவாரு. தெனம் ஒரு டீ சேத்து வாங்குவாரு."

போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். பலகை வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ அப்போதுதான் எழுந்து இடம் விட்ட மாதிரி.

"இப்ப சரியா கீது" என்றார் துபாஷி. அப்புறம் ரொம்ப நேரம் மெஷினைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அங்க... என்னப் பாத்தீங்களா?"

"உங்களையா?"

"நான் போவல. ஆனா அது போயிருக்கும். கூட ஒரு அம்மா, ஒரு பொண்ணு இருப்பாங்க."

அந்த மனிதர் முன்னால் பொய் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "பாக்கலீங்க" என்றேன்.

"பெரிய ஊரு. எங்கன்னு பாப்பீங்க" என்று தலையாட்டினார்.

நான் எழுந்து அவர் கையைப் பிடித்து நாற்காலியிலிருந்து எழுப்பினேன். இடது ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு, சலூன் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அலமாரியில் போன வருஷம் மிஞ்சிக் கிடந்த ஒரு நீல ஃபாரத்தை எடுத்து மெஷினில் சொருகினேன்.

"எத்தினி பேரு வந்துக்கிறீங்க முசே?"

துபாஷி கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு பேரு" என்றார்.

பெயரைக் கேட்டேன், சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன். மனைவி பெயர், மகள் பெயர் அடித்தேன். வசிப்பிடம் என்ற இடத்தில் பிரான்சில் நான் குடியிருக்கும் தெருவையும் கதவு எண்ணையும் அடித்து, அவருக்குப் படித்துக் காட்டினேன்.

"பொய்யிங்க அது மதமோசேல்."

"தெரியுங்க. எழுந்து நடக்கட்டும்."

அவர் மறுக்கவில்லை. தடவித் தடவிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த ஃபாரத்தை எந்த ஆபீசுக்கும் அனுப்பவில்லை. இங்கே பிரான்சில் என் சமையலறை மேஜை டிராயரில் இருக்கிறது. மேஜைக்கு ரெண்டு ஸ்டூல். தினமும் மத்தியானம் ரெண்டு டீ போடுகிறேன். ஒன்றில் சர்க்கரை தூக்கலாக. அவருக்கு அப்படித்தான் பிடிக்கும்.